அம்மாவின் வலது தோள்

"கையைத் தூக்கு, காலை மடக்குன்னு சொல்றதுக்கு நாலரை வருசம் படிக்கணுமாத்தா?"

நான் பிசியோதெரபி படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று பெரியப்பா இப்படிக் கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்ததில்லை. படித்தால் டாக்டர் ஆகலாம், டீச்சர் ஆகலாம், கலெக்டர் ஆபீசில் உட்காரலாம் என்பது அவருக்குத் தெரியும். மருந்து எழுதாமல், ஊசி போடாமல், ஆனால் ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற வேலை ஒன்று உண்டு என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

அடுப்படியில் இருந்து அம்மாதான் சொன்னாள். பெரியப்பாவுக்கு நேராக வந்து நின்று அவள் பேசுவதில்லை.

"தூக்க முடியாதவுகளைத் தூக்க வைக்கிறதுக்குப் படிக்கிறா."

மதுரையில் படித்த நாலரை வருடமும் இந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்கு அப்பாவோ அண்ணனோ பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். புத்தகங்கள் வீட்டிலேயே இருந்தன. எனக்கு எல்லாமே முதல் தடவை. அப்பா நான் ஏழாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். எலும்புகளின் பெயர்களை நான் மனப்பாடம் செய்ததைக் கேட்டுச் சரிபார்க்க வீட்டில் ஆள் கிடையாது. விடுமுறையில் அம்மாவை உட்கார வைத்து ஒப்பித்துக் காட்டுவேன். தப்பாகச் சொன்னாலும் அவள் தலையை ஆட்டுவாள்.

படிப்பை முடித்துத் திண்டுக்கல்லில் ஒரு தனியார் எலும்பு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். அம்மா ஊரிலேயே இருந்தாள். சிறுமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் வருவேன்.

அம்மாவுக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை. எங்கள் பக்கம் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, அதன் மேல் கொடியைப் படர விட்டிருப்பார்கள். கீழே நின்றுகொண்டு, அண்ணாந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித்தான் எல்லா வேலையும் செய்ய வேண்டும். கவாத்து வெட்டுவது, கொடியைக் கம்பியில் கட்டுவது, இலை கிள்ளுவது, குலையை நறுக்குவது, எல்லாமே அப்படித்தான். பந்தல் ஆறடி உயரம். அம்மா ஐந்தடிகூட இல்லை. உயரமான பெண்களுக்கு முழங்கை மடங்கியிருக்கும் இடத்தில் அம்மாவுக்குக் கை முழுக்க நீண்டிருக்கும். காலை ஏழு மணிக்குத் தூக்கிய கை, மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் இறங்கும். இருபது வருடத்துக்கு மேல் அப்படி நின்றிருக்கிறாள்.

தோளின் முனை எலும்புக்கும் கை எலும்பின் தலைக்கும் நடுவே ஒரு நார் ஓடுகிறது. தசையை எலும்போடு பிணைக்கிற நார். கையை உயர்த்தும்போதெல்லாம் அது அந்த இடுக்கில் உரசுகிறது. வருடக்கணக்கில் உரசினால், கிணற்று விளிம்பில் பட்ட கயிறு மாதிரி நைந்து, ஒரு நாள் அறுந்துவிடும். இதை நான் இரண்டாம் ஆண்டிலேயே படித்தேன். படம் வரைந்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். படிக்கும்போது எனக்குப் பந்தல் நினைவுக்கு வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பிடிச்சுக்கிருச்சு தாயி. ரெண்டு வாரமா."

கட்டிலில் உட்கார வைத்துப் பார்த்தேன். கையைப் பிடித்து மெல்ல உயர்த்தினேன். பாதிகூட வரவில்லை, தோளை விறைத்துக்கொண்டாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஐம்பது வயதை ஒட்டித் தோள் இறுகிப்போவது சாதாரணம். எங்கள் மருத்துவமனைக்கு ஒரு நாளைக்கு மூன்று பேராவது அப்படி வருவார்கள். நான் சொல்லிவிட்டேன், இது தோள் இறுக்கம், பயிற்சி செய்தால் ஆறேழு மாதத்தில் விட்டுவிடும் என்று. பெரியப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

இன்னொரு சோதனை இருக்கிறது. கையை நான் தூக்கிப் பிடித்து, விடப்போகிறேன், நீயாக அப்படியே நிறுத்து என்று சொல்லிப் பார்ப்பது. நார் அறுந்திருந்தால் கை நிற்காது, சரிந்துவிடும். ஒரு நிமிட வேலை. வேறு யார் வந்திருந்தாலும் செய்திருப்பேன். அம்மா, "வலிக்குது தாயி, விடு" என்றாள். விட்டுவிட்டேன். அம்மா வலிக்கிறது என்று சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை. கேட்டதும் என் கை தானாகத் தளர்ந்துவிட்டது.

பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு போல மேலே நடத்த வேண்டும். எட்டிய இடத்தில் கரிக்கட்டையால் ஒரு கோடு. அடுத்த நாள் அந்தக் கோட்டைத் தாண்டப் பார்க்க வேண்டும். அடுப்படிக்கு அடுத்த சுவரில் அம்மா கோடு போட ஆரம்பித்தாள். முதல் வாரம் மார்புக்கு நேரே இருந்தது. பிறகு கழுத்து. பிறகு நெற்றி. ஒவ்வொரு ஞாயிறும் நான் போய் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். கையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று போனால், "இப்பத்தான் செஞ்சு முடிச்சேன், செத்த நேரம் விடு, அசதியா இருக்கு" என்பாள். வெஞ்சனம் ஆறிப்போகும் என்று சாப்பிடக் கூப்பிடுவாள். சாயங்காலம் எனக்குப் பஸ்.

சுவரைப் போனில் படம் எடுத்து வந்து வேலையிடத்தில் காட்டினேன். எங்கள் பயிற்சிக் கூடத்தில் எனக்கு மூத்தவர் ஓர் அக்கா, ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். படத்தைப் பார்த்துவிட்டு, "கோடு நல்லா ஏறியிருக்குது. கை ஏறுச்சா?" என்று கேட்டார்.

வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்று முழுவதும் அவரோடு சரியாகப் பேசவில்லை.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு புதன்கிழமை எங்கள் கூடத்தில் குழாய் உடைந்து தரையெல்லாம் தண்ணீர். மத்தியானம் வரை வேலை இல்லை என்றார்கள். ஊருக்குப் பஸ் ஏறினேன். வீடு பூட்டியிருந்ததால் நேராகத் தோட்டத்துக்கு நடந்தேன். அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்கடியில் எட்டுப் பத்துப் பெண்கள் கத்திரியோடு நின்றார்கள். அம்மா இல்லை.

"டாக்டரம்மா வந்துட்டாக" என்றாள் ஒருத்தி. "வாங்க, எங்களுக்கும் கையைக் காலைப் பிடிச்சு விட்டுட்டுப் போங்க."

"அம்மா எங்க அத்தை?"

"உங்கம்மா இங்க எங்க நிக்கிறா. அஞ்சு மாசமாக் கொட்டகையிலதான். கைதான் ஏற மாட்டேங்குதே."

இன்னொருத்தி கத்திரியை நிறுத்தாமலே சொன்னாள். "ஊர்ல உள்ள கையெல்லாம் பாக்குறா. பெத்தவ கை மட்டும் தெரியலையாக்கும்."

யாரோ சிரித்தார்கள். நான் கொட்டகைக்குப் போனேன். அம்மா தரையில் உட்கார்ந்து, உதிர்ந்த பழத்தையும் அழுகலையும் பிரித்துக்கொண்டிருந்தாள். இடது கைதான் வேலை செய்தது. வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மேசை மேல் ஒரு தட்டை வைக்க வேண்டியிருந்தது. எழுந்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அந்தக் கையை ஒரு பொருள் போல மேசை விளிம்பில் வைத்து, அதைத் தட்டுக்கு அணையாகக் கொடுத்தாள்.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இறுகிய தோள் யார் தூக்கினாலும் ஏறாது. இது பிடித்துத் தூக்கினால் ஏறுகிறது, தானாக ஏறவில்லை.

"அம்மா."

திரும்பினாள். முதலில் அவள் செய்தது, கையை மேசையில் இருந்து கீழே இறக்கியது.

"சுவத்துல கோடெல்லாம்?"

"இந்தக் கையால போட்டேன்" என்று இடது கையைக் காட்டினாள்.

"ஏம்மா?"

மேசையில் இருந்த தட்டைத் தள்ளி வைத்தாள். "நீ ஒவ்வொரு வாரமும் சந்தோசமாப் பாத்துட்டுப் போற. உன் பெரியப்பாவும் வந்து பாத்துட்டுப் போறாக. படிச்ச பிள்ளை சொல்லிக் குடுத்தும் ஏறலைன்னா, யாரைச் சொல்லுவாக?"

ஸ்கேன் படத்தை எங்கள் அறுவை மருத்துவர் வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். நார் முழுதாக அறுந்து, எலும்பை விட்டு உள்ளே வெகு தூரம் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"இத்தன நாளா யார் பாத்தது?" என்றார்.

"நான்தான் சார்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "ஆறு மாசம் முன்னாடின்னா சுலபமாத் தச்சிருக்கலாம். இப்பவும் தைக்கலாம். முழுசாத் தூக்குவாங்களான்னு நான் சொல்ல மாட்டேன். முகம் கழுவ, தலை சீவ, சாப்பிட வந்தாப் போதும்னு வச்சுக்க. பந்தல் வேலை இனிக் கிடையாது. தைக்காம விட்டா அதுவும் வராது" என்றார். முதலில் சர்க்கரையைக் குறைக்க வேண்டும், மூன்று வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அம்மாவிடம் நான் பாதியைத்தான் சொன்னேன். துளை போட்டுத் தைப்பார்கள், சரியாகிவிடும் என்றேன். பந்தலைப் பற்றிச் சொல்லவில்லை.

பெரியப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை பிடிக்கவில்லை. எண்ணெய் போட்டு உருவிக் கட்டினால் போதும், கத்தி வைத்த கை பிறகு எதற்கும் ஆகாது என்றார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரில் குணமான ஒரு தோளைப் பற்றிச் சொன்னார்கள். அம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்: "அவ சொல்றதைத்தான் நான் கேப்பேன்."

அந்தப் பதிலுக்குப் பிறகு என்னிடம் யாரும் எதுவும் பேசவில்லை. அவள் கொஞ்சம் தயங்கியிருந்தால், பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானும் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். ஐந்து மாதம் தப்பாகப் பார்த்தவள் நான். என்னையே மறுபடி முழுதாக நம்பினாள். அந்த மூன்று வாரமும் அறையில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தோள் அறுவை பற்றிய பாடங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாரைத் தைத்த பிறகும் சிலருக்கு மறுபடி பிரிந்துவிடுகிறது என்ற பகுதியை மட்டும் ஒவ்வொரு முறையும் சீக்கிரமாகக் கடந்தேன்.

அறுவைச் சிகிச்சை அன்று காலை அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றவே அரை மணி நேரம் ஆனது. கல்யாணத்தின்போது போட்டது, திருகு இறுகிக் கிடந்தது. சோப்பு நுரை வைத்து நான்தான் கழற்றினேன். சம்மதப் படிவத்தில் உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே இன்னொரு உறவினர் கையெழுத்துக்கு இடம் இருந்தது. பெரியப்பா வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. நர்ஸ் சாட்சியாகப் போட்டார்.

"உள்ள வர்றியா?" என்று மருத்துவர் கேட்டார். எங்கள் மருத்துவமனை என்பதால் நான் கூட நின்று பார்த்திருக்கலாம். வேண்டாம் சார் என்றேன். வெளியே நாற்காலியில், தோடும் மூக்குத்தியும் போட்ட ஒரு சின்னக் கவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே என்ன நடக்கும் என்பது எனக்கு வரிசையாகத் தெரியும். மூன்று துளை போடுவார்கள். ஒன்றின் வழியாகக் கேமரா போகும். உப்புத் தண்ணீர் விட்டு மூட்டை விரித்துக்கொள்வார்கள். பிரிந்து போன நாரின் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள், வருகிறதா என்று. எலும்பைச் சுரண்டி, நூல் கோத்த சின்ன ஆணிகளை இறக்கி, நாரை அதில் கட்டுவார்கள். நாற்காலியில் இருந்த மற்றவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் சாமி கும்பிட்டார்கள், போன் பேசினார்கள், பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்ததால் கடிகாரத்தைப் பார்த்து, இப்போது நாரை இழுக்கிறார்கள், வரவில்லை போலிருக்கிறது, நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

வெளியே வந்த மருத்துவர், "பெரும்பாலும் மூடிட்டேன். ஓரத்துல கொஞ்சம் எட்டலை. மத்தது உன் கையில" என்றார். பயிற்சியைத்தான் சொன்னார்.

மயக்கம் தெளிந்த அம்மா, இடது கையால் வலது பக்கத்தைத் தடவினாள்.

"இது யாரு கை?"

"உன் கைதாம்மா. மரத்துப்போக ஊசி போட்டிருக்காங்க. நாளைக்கு உணர்ச்சி வந்துரும்."

"என் கை இல்ல. சூடா இருக்கு. யாரோ பக்கத்துல படுத்திருக்க மாதிரி இருக்கு."

நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கையை விடவும் இல்லை. பக்கத்தில் படுத்திருக்கும் ஆளின் கையைப் பிடிப்பது போல விரல்களைக் கோத்துக்கொண்டு தூங்கினாள்.

பிறகு ஆறு வாரம் என் அறையில் இருந்தாள். கையை உடம்போடு சேர்த்து, இடுப்பில் ஒரு சின்னத் தலையணை வைத்து, பட்டையால் கட்டியிருந்தது. ஜாக்கெட் போட முடியாது. வாழ்நாளில் நைட்டி போடாத அம்மாவுக்குத் தோளைப் பிரித்து நாடா வைத்த நைட்டி ஒன்றைத் தைத்து வாங்கினேன். அதைப் போட்ட பிறகு அவள் வாசல் பக்கமே போகவில்லை. ஜன்னலையும் சாத்தச் சொன்னாள்.

நான் காலை எட்டரைக்குப் போய், மாலை ஐந்தரைக்கு வருவேன். காலையிலும் ராத்திரியிலும் நானே ஊட்டிவிடுவேன். மத்தியானத்துக்குச் சோறும் வெஞ்சனமும் ஸ்பூனும் எடுத்து வைத்துவிட்டுப் போவேன். ஒரு மணிக்குப் போன் செய்தால், "சாப்பிட்டேன் தாயி" என்பாள். வலி எப்படி இருக்கிறது என்றால், "இல்ல தாயி" என்பாள். பத்து நாள் இப்படிப் போனது.

பதினோராவது நாள் போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்துவிட்டு ஓடினேன். அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, கண் செருகியிருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று பார்த்ததும் தெரிந்தது. கரைத்த சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். கால் மணி நேரத்தில் தெளிந்தாள். கை பட்டைக் கட்டுக்குள் அப்படியே இருந்தது. மயக்கம் வரும்போதே சுவரைப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்திருக்கிறாள். கீழே விழுந்திருந்தால் தைத்தது அத்தனையும் போயிருக்கும்.

குப்பைக் கூடையில், இறுக முடிச்சுப் போட்ட பையில், காலையில் நான் வைத்த சோறு இருந்தது. முந்தின நாள் சோறும் இருந்தது. மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறாள்.

"சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு சொன்னியேம்மா."

"இடது கையால எப்படித் தாயி வாயில வைக்கிறது."

"அதுக்குத்தானே ஸ்பூன் வச்சேன்."

"ஸ்பூனு எந்தக் கையில இருக்கு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் வெளியே வந்தது. கழுவுகிற கை, சாப்பிடுகிற கை என்று ஆஸ்பத்திரியில் யாரும் பார்ப்பதில்லை, உயிர் போயிருக்கும், நான் என்ன பதில் சொல்வது, எத்தனை பொய்தான் சொல்வாய் என்று கத்தினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உனக்கு வேலை கெடக் கூடாதுன்னு பாத்தேன்" என்றாள்.

அடுத்த நாளில் இருந்து பன்னிரண்டரைக்கு நான் வந்து ஊட்டிவிட்டுப் போனேன். உருட்டிக் கொடுப்பேன், வாயைத் திறப்பாள். சுவரைப் பார்த்தபடி மெல்லுவாள். போதுமா என்றால் போதும் என்பாள். பெரிதாகப் பேச்சு இருக்காது. ஓர் அறையில் இரண்டு பேர் இருந்தும் எனக்குத் தனியாக இருந்த காலத்தை விட அதிகமாக ஆள் இல்லாதது போல இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் இல்ல தாயி என்றிருப்பாள்.

ஆறு வாரம் முடிந்து கட்டைப் பிரித்தார்கள். அம்மா என் அறையிலேயே இருந்தாள், தினமும் எங்கள் கூடத்துக்கு அழைத்துப் போய் நான்தான் பயிற்சி கொடுத்தேன். வேறு யாரும் பார்க்க நான் சம்மதிக்கவில்லை. முதலில் நான் பிடித்து உயர்த்துவது, பிறகு கோலைப் பிடித்துக்கொண்டு அவளே இடது கையால் தள்ளுவது, மூன்றாம் மாதத்தில் தானாகத் தூக்குவது. கை தோளின் உயரம் வரை வந்தது. வந்து அங்கே நடுங்கி நின்றது.

இந்தக் கட்டத்தில் பயிற்சி கொடுப்பவருக்கு ஒரே ஒரு வழிகாட்டிதான் உண்டு. வலிக்கிறதா, எங்கே, எப்படிப்பட்ட வலி என்று நோயாளி சொல்ல வேண்டும். இழுவை வலி என்றால் மேலே போகலாம். குத்துகிற வலி என்றால் நிறுத்த வேண்டும். கூடுதலாகப் போனால் தையல் பிரியும், குறைவாகச் செய்தால் மூட்டு இறுகிவிடும்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல தாயி. நல்லா இருக்கு."

முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், என் முன்னால் முகத்தை அசைய விடாமல் வைத்துக்கொள்ள அவள் பழகியிருந்தாள். ஒவ்வொரு நாளும் இருட்டில் கை வைப்பது போலத்தான் அந்தத் தோளில் கை வைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குப் பயிற்சி ஆரம்பித்திருந்தபோது, மேல் மாடியில் இடுப்பு மாற்றிய ஒருவரை நடக்க வைக்க உடனே வரச் சொன்னார்கள். அக்காவிடம் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பியபோது திரைக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"ஏனுங்கம்மா, இந்த இடம் நோவுதுங்களா?"

"ஆமாத்தா. உசுரு போகுது."

"எத்தன நாளாங்க?"

"பத்து நாளாச்சு. முன்பக்கமாக் குத்துது. படுத்தாக் கூடுது."

"உங்க பொண்ணுகிட்டச் சொல்லலீங்களா?"

"அவகிட்டச் சொன்னா, அவ கையாலதான் ஆச்சுன்னு நெனச்சுக்கிருவா. உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, நீ யாரோதானே."

"நான் யாரோவா? சரிங்க, நாளைக்கு யாரு டீ வாங்கித் தாராங்கன்னு பாப்போம்."

அம்மா சிரித்தாள். அப்பா இருந்த காலத்தில் கேட்ட சிரிப்பு அது. பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்.

"ஏத்தா, மறுபடி பந்தலுக்குப் போக முடியுமா?"

அக்கா மறைக்கவில்லை. "முடியாதுங்கம்மா" என்றார். "முகத்துக்கு மேல தூக்குற வேலை இனி வேண்டாங்க."

"அதான் நெனச்சேன்" என்றாள் அம்மா. "அவ வாயால வராது. பாவம்."

நான் திரையை விலக்கவில்லை. மாடிப்படிக்குப் போய் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோடு போட்ட அவளும், பந்தலைப் பற்றிச் சொல்லாத நானும், ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்தத் தோளை நடுவில் விட்டிருந்தோம். யாரோ ஒருவர் பத்து நிமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதை நான் ஒன்பது மாதமாகக் கேட்டும் தெரிந்துகொள்ளவில்லை. என் படிப்பில் குறை இல்லை என்று இப்போதும் சொல்வேன். அவளுக்கு நான் மகள். அவ்வளவுதான் விஷயம்.

குத்தும் வலியை அக்கா அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட்டார். தையல் பிரியவில்லை. முன்பக்கத்து நார் அழற்சியில் இருந்தது. இரண்டு வாரம் தானாகத் தூக்கும் பயிற்சியை நிறுத்தி, மெல்ல மறுபடி தொடங்கச் சொன்னார் மருத்துவர். இன்னும் சில நாள் நான் விடாமல் தூக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் கேட்டேன். அவர் பயிற்சிச் சீட்டை எழுதி என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் அக்காவிடம் போய், அம்மாவை இனி நீங்களே பாருங்கள் என்றேன்.

"கோவமாம்மா?"

"இல்லக்கா. உங்ககிட்டத்தான் சொல்றாங்க."

"சொல்றதை உன்கிட்டச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். சார்கிட்டச் சொல்லுங்க. எனக்கு வேண்டாம்."

அம்மாவிடம் என்ன காரணம் சொல்வது என்று யோசித்தேன். என்னை மேல் மாடி வார்டுக்குப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னால் நம்புவாள். ஆனால் இன்னொரு பொய்யை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போக எனக்கு மனம் வரவில்லை. அதனால் அதை மெய்யாக்கினேன். மேல் மாடிக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தேன். அங்கே நாள் முழுக்கப் படுக்கையில் இருப்பவர்களோடு வேலை, யாரும் விரும்பிக் கேட்கிற இடம் இல்லை. உடனே கொடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் நானே கேட்டு வாங்கினேன் என்றும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "படியேறி எறங்கணுமே தாயி" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை அவளைக் கீழே அக்காவிடம் விட்டுவிட்டு, நான் இரண்டாம் மாடிக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.